‘கிறிஸ்தவர்’ என்று எழுதினால் போதாதா?

கிறிஸ்தவர் என்று எழுதிக்கொடுத்த பிறகும் எந்தச் சபை என்று மருத்துவமனையில் ஏன் கேட்கிறார்கள், சிகிச்சைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாரையோ அவசரமாகச் சேர்த்திருப்பீர்கள்; அந்த நேரத்தில் இந்தக் கேள்வி எரிச்சலைத்தான் தந்திருக்கும். நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செவிலியர். ஒருமுறை அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டேன்.

இதயம் செயலிழந்துகொண்டிருந்த ஒரு மூதாட்டி. கோப்பில் ‘கிறிஸ்தவர்’ என்று மட்டும் இருந்தது. பின்னிரவில் நிலைமை மோசமானது; பிள்ளைகள் இன்னும் வந்துசேரவில்லை. நான் சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபையில் வளர்ந்தவள். எனக்குத் தெரிந்த போதகரை அழைத்தேன். அவரும் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து, வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்து மனமுருகி ஜெபித்தார். அந்த அம்மாவின் கண்களோ கதவையே பார்த்துக்கொண்டிருந்தன. “சாமியார் வரவில்லையா?” என்று இரண்டு முறை கேட்டார். “வந்துவிட்டார் அம்மா, இதோ பக்கத்தில்தான் நிற்கிறார்” என்றேன். மகள் ஓடிவந்து, “பூசுதல் கொடுத்தாயிற்றா?” என்று கேட்டபோதுதான் அவர்கள் கத்தோலிக்கர், ‘சாமியார்’ என்று அந்த அம்மா கேட்டது தம் குருவானவரை என்பது எனக்கு உறைத்தது. குருவானவர் வருவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது.

நோயில்பூசுதல், அதாவது நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிப்பது, கத்தோலிக்கருக்கு ஓர் அருட்சாதனம் (புனிதச் சடங்கு). குருவோ ஆயரோதான் அதைக் கொடுக்க முடியும். நினைவு தப்பியவருக்கும் கொடுக்கலாம்; இறந்துவிட்டவருக்குக் கொடுக்க முடியாது. என் சபையிலோ அது அருட்சாதனங்களில் ஒன்றே அல்ல. என் பழக்கத்தை அந்த அம்மாவின் பழக்கமாக எடுத்துக்கொண்டேன். மகள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவே இன்னும் வலிக்கிறது.

பிறந்த குழந்தை பிழைக்காது என்ற நிலையில், கத்தோலிக்கக் குடும்பம் கேட்டால் செவிலியரே திருமுழுக்கு (ஞானஸ்நானம்) கொடுக்கலாம். பாப்திஸ்து, பெந்தெகொஸ்தே குடும்பங்களிலோ விசுவாசத்தை அறிக்கையிடும் வயது வந்த பிறகுதான் ஞானஸ்நானம். அங்கே கேட்காமல் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றினால் பெற்றோர் மனம் புண்படும்.

யெகோவாவின் சாட்சிகள் என்ற பிரிவினர் 1945 முதல் பிறர் இரத்தத்தை ஏற்றிக்கொள்வதை மறுத்துவருகிறார்கள். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு, பிளாஸ்மா எதுவும் கூடாது. பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கும் அல்புமின் என்ற புரதம் போன்ற சிறு கூறுகளை ஏற்பது அவரவர் மனசாட்சியைப் பொறுத்தது. அறுவை சிகிச்சைக்குச் சில வாரங்கள் முன்பே தெரிந்தால் இரும்புச்சத்தும், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் மருந்தும் கொடுத்து ஹீமோகுளோபினை உயர்த்தப் பார்க்கலாம். மேசையில் படுக்கவைத்த பிறகு தெரிந்தால் என்ன செய்வது?

மருத்துவமனைக்குள் சபைப் பிரிவினையைக் கொண்டுவருகிறேன் என்று சிலர் சண்டைக்கு வரக்கூடும். சபையைப் பார்த்து ஊசி போடச் சொல்லவில்லை. ஒரே சபையைச் சேர்ந்த இரண்டு பேர்கூட ஒரே பதிலைச் சொல்வதில்லை. அதனால்தான் ஆளைக் கேட்க வேண்டும் என்கிறேன்.

இன்னொரு மனக்குறையும் உண்டு. இவ்வளவையும் கேட்டு எழுதிவைத்தாலும் செவிலியர் குறிப்பைப் பல மருத்துவர்கள் புரட்டுவதே இல்லை. காலையில் வந்து அதே கேள்விகளை நோயாளியிடம் மறுபடியும் கேட்கிறார்கள். இரவெல்லாம் கண்விழித்து எழுதுவது யாருக்காக?

அடுத்த முறை படிவம் தந்தால் சபையின் பெயரோடு, நள்ளிரவிலும் அழைக்கக்கூடிய உங்கள் குருவின் அல்லது போதகரின் தொலைபேசி எண்ணையும் எழுதிக்கொடுங்கள்.