அம்மாவின் முடக்குவாதமும் எதிர்ப்புசக்திக் கஷாயமும்

அம்பையில் இருக்கும் அம்மாவுக்கு முடக்குவாதம்; 'எதிர்ப்புசக்தி குறைவு' என்று பக்கத்து வீட்டு ஆச்சி கொடுத்த கஷாயத்தை நம்பி, டாக்டர் கொடுத்த முடக்குவாத மருந்தான மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்தாதீர்கள் அண்ணாச்சி. இங்கே எதிர்ப்புசக்தி குறையவில்லை, அது சொந்த மூட்டு மேலேயே பாய்கிறது.

இந்தப் பாய்ச்சலில் பங்குள்ள டி செல் (எதிர்ப்புசக்தியின் ஒருவகை வெள்ளையணு) கிளம்ப இரண்டு சைகைகள் வேண்டும். அதன் மேலுள்ள ஏற்பியில் இலக்கு வந்து ஒட்டுவது ஒன்று. சிடி28 என்ற இன்னொரு ஏற்பி வழியாக வரும் ஒப்புதல் இன்னொன்று. ஒப்புதல் இல்லாவிட்டால் பெரும்பாலும் அது முடங்கிவிடும். டி செல்லிலேயே இருக்கும் சிடிஎல்ஏ-4 என்ற புரதம் அந்த ஒப்புதலைத் தட்டிப் பறிக்கிற பிரேக். முடக்குவாதத்துக்குப் போடும் அபாடாசெப்ட் ஊசியே அந்தப் பிரேக்கைப் பார்த்துச் செய்ததுதான். போதாததற்கு, மற்ற செல்களை அடக்கிவைக்கும் டி செல்களும் உண்டு. 1995இல் ஜப்பானிய விஞ்ஞானி சகாகுச்சி அடையாளம் காட்டியவை, 2025இல் நோபல் வாங்கித் தந்தவை.

ஆச்சி நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் மெத்தோட்ரெக்சேட் ஈரலைப் பாதிக்கக்கூடியது. கஷாயத்தில் என்னென்ன சேர்கிறது என்று டாக்டருக்குத் தெரியணும். அடுத்த தடவை பாளையங்கோட்டை போகும்போது பொட்டலத்தையும் எடுத்துப்போங்கள். அப்புறம், மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒருநாள்தான், தினமும் இல்லை. அட்டையில் கிழமையை எழுதி ஒட்டிவிடுங்கள்.