100 லிட்டர் என்கிறார்கள், மின் கணக்கு எங்கே?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குப் பக்கத்தில் டோங்காட்டில் இருக்கிறேன். வயது 51, அரசுப் பள்ளி அலுவலகத்தில் வேலை, மாதம் 25,000 ரேண்ட் சம்பளம். காற்றிலிருந்து குடிநீர் எடுக்கும் இயந்திரம் செய்யும் ஒரு சிறிய பி.டி.ஒய் லிமிடெட் (தனியார்) கம்பெனி 2023இல் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டுப் பங்கு விற்றது. 60,000 ரேண்ட் போட்டேன். 450 வாட் சோலார் பேனல் ஒன்று இருந்தால் தினமும் 100 லிட்டர் வரும் என்கிறார்கள். பங்குதாரர்களின் வாட்ஸ்அப் குழு இப்போது இரண்டு கட்சியாகிவிட்டது. என் மகன் கணக்கு உதைக்கிறது என்கிறான். கொழுந்தனாரோ, "லேப் சான்றிதழ் இருக்கிறது, பேடன்ட் இருக்கிறது, கோயில் கமிட்டியில் இருக்கிறவர் பொய் சொல்வாரா?" என்கிறார். கேள்வி கேட்டவர்கள் இருவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். இப்போது பழைய பங்குதாரர்களுக்குத் தள்ளுபடி விலையில் புதுப் பங்கு தருகிறார்களாம். என் ஓய்வூதிய நிதியில் ஓய்வுக்கு முன்பே எடுக்க விடும் பகுதியான சேவிங்ஸ் பாட்டிலிருந்து 40,000 எடுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள் அம்மா. காரணத்தைச் சொல்கிறேன், கொழுந்தனாரிடமும் காட்டுங்கள்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட்டின் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் வாளியோடு நின்ற ஊர் உங்களுடையது. அந்த ஊரில் இப்படி ஒரு இயந்திரத்தை விற்க அதிகம் பேச வேண்டியதில்லை. நீங்கள் பணம் போட்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

குழுவில் நடக்கும் சண்டை கம்பெனியை நடத்தும் அந்த மனிதர் நல்லவரா கெட்டவரா என்பதைப் பற்றியது. அதை நீங்களோ நானோ தீர்த்துவைக்க முடியாது. நேர்மையான ஆளும் தன் இயந்திரத்தின் மேல் உள்ள ஆசையில் தப்பான எண்ணைச் சொல்லலாம். எண்ணை மட்டும் பார்ப்போம்.

காற்றிலிருந்து தண்ணீர் எடுப்பது புரளி இல்லை. உங்கள் வீட்டு ஏசியின் குழாயில் சொட்டுவதும் அதே தண்ணீர்தான். ஆனால் நீராவியைத் தண்ணீராக்க அதிலிருந்து வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 0.68 கிலோவாட்-மணி (மின் கட்டண ரசீதில் வரும் யூனிட்) வெப்பம். நல்ல குளிர்பதனக் கருவி அதில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் வேலையை முடிக்கலாம். அப்புறம் காற்றைக் குளிர்விக்க வேண்டும், மின்விசிறி ஓட வேண்டும். அதையெல்லாம் தாராளமாகத் தள்ளுபடி செய்து, லிட்டருக்கு 0.25 என்றே வைத்துக்கொள்வோம். 100 லிட்டருக்கு 25 கிலோவாட்-மணி. 450 வாட் பேனல் 5 மணி நேர நல்ல வெயிலில் தருவது 2.25 கிலோவாட்-மணி. அதாவது 9 லிட்டர், அதுவும் எல்லாம் அவர்களுக்குச் சாதகமாக அமைந்தால். டர்பனின் ஈரக் காற்றிலேயே இப்படி என்றால், ஜோகன்னஸ்பர்க்கின் வறண்ட குளிர்காலத்தைக் கேட்கவே வேண்டாம். உங்கள் மகன் சரியாகத்தான் சொல்கிறான்.

சரி, சான்றிதழ்? அதை எடுத்து, எதைச் சோதித்தார்கள் என்ற வரியைப் படியுங்கள். தண்ணீர் எஸ்.ஏ.என்.எஸ் 241 குடிநீர்த் தரத்துக்கு ஏற்றது என்று இருந்தால், தண்ணீர் சுத்தமானது, அவ்வளவுதான். எத்தனை லிட்டர் வந்தது, எவ்வளவு மின்சாரம் செலவானது என்பதை அந்த லேப் பார்த்திருக்கவே இருக்காது. உண்மையான சான்றிதழைக் காட்டி வேறொரு கேள்விக்குப் பதில் சொல்வது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். பேடன்ட் விஷயம் இன்னும் லேசானது. தென்னாப்பிரிக்காவில் விண்ணப்பம் முறைப்படி இருக்கிறதா என்று பார்த்துப் பேடன்ட் கொடுத்துவிடுவார்கள். பொருள் வேலை செய்கிறதா என்று யாரும் சோதிப்பதில்லை. ஒரு செயற்கை நுண்ணறிவு மென்பொருளைக் கண்டுபிடிப்பாளர் என்று எழுதிக் கொடுத்த விண்ணப்பத்துக்கே 2021இல் இங்கே பேடன்ட் கிடைத்தது!

இயந்திரம் ஓடும் வீடியோவும் வைத்திருப்பார்கள். அமெரிக்காவில் நிகோலா கம்பெனி 2018இல் தன் லாரி சாலையில் ஓடுவதாக வீடியோ போட்டது. அது இறக்கத்தில் உருட்டிவிடப்பட்ட லாரி என்பது 2020இல் அம்பலமானது. "பெரிய ஆட்களெல்லாம் உள்ளே இருக்கிறார்கள்" என்று யாராவது சொன்னால், கணக்கு மோசடி வெளிவந்து 2017 டிசம்பரில் சரிந்த பெரிய கம்பெனி ஸ்டைன்ஹாஃப் ஞாபகம் இருக்கட்டும். உங்கள் ஓய்வூதிய நிதியான ஜி.ஈ.பி.எஃப்-இன் பணமும் அதில் இருந்தது.

எனக்கு இயந்திரத்தைவிடக் கவலை தருவது பங்கு விற்ற விதம். பி.டி.ஒய் கம்பெனி பொதுமக்களுக்குப் பங்கு விற்கக் கூடாது. 2008ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மண்டபத்தில் வந்தவர்க்கெல்லாம் விற்றார்களா, தெரிந்த சிலருக்கு மட்டுமா என்பது முக்கியம். கமிஷன் வாங்கிக்கொண்டு யாராவது உங்களிடம் விற்றிருந்தால் அவருடைய எஃப்.எஸ்.பி (நிதிச் சேவை வழங்குபவர்) உரிம எண்ணைக் கேட்டு, நிதித் துறையைக் கண்காணிக்கும் எஃப்.எஸ்.சி.ஏ அமைப்பின் இணையதளத்தில் சரிபாருங்கள். இன்னொன்று, இந்தப் பங்கை நினைத்த நேரத்தில் யாருக்கும் விற்கவும் முடியாது. எனவே தள்ளுபடி விலை என்ற பேச்சே வெறும் பேச்சு. சந்தை விலை இல்லாத பொருளுக்கு எதிலிருந்து தள்ளுபடி?

சேவிங்ஸ் பாட்டுக்கு வருவோம். அதிலிருந்து எடுக்கும் தொகை உங்கள் வருமானத்தோடு சேர்த்து வரி கட்ட வேண்டியது. உங்கள் சம்பளத்துக்கு 26 சதவீதம் வரும். 40,000 எடுத்தால் 10,400 போய், கையில் 29,600. கட்டணம் தனி. ஒரு வரி ஆண்டில் ஒரு முறைதான் எடுக்க முடியும். நாளைக்கு உண்மையான அவசரம் வந்தால் அடுத்த வரி ஆண்டு தொடங்கும் மார்ச் வரை காத்திருக்க வேண்டும். போட்ட 60,000ஐக் காப்பாற்ற இந்தப் பணத்தை அனுப்புவதில் எனக்குத் துளியும் சம்மதமில்லை.

கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். ஆண்டு நிதி அறிக்கையின் பிரதி ஒன்று கேளுங்கள். பங்குதாரர் கேட்டால் இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். கூடவே, வெளியாள் ஒருவர் முன்னிலையில் ஏழு நாள் ஓட்டிய சோதனையின் பதிவு: தினமும் எத்தனை லிட்டர், எத்தனை கிலோவாட்-மணி, வெப்பநிலை, ஈரப்பதம். உண்மையான கம்பெனியிடம் இது ஏற்கெனவே இருக்கும். "வர்த்தக ரகசியம்" என்று பதில் வந்தால் நம்பாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் ரகசியம், வெளியே எத்தனை லிட்டர் வருகிறது என்பது ரகசியமில்லை. பதில் வராவிட்டால், வாக்குரிமையில் 10 சதவீதம் வைத்திருக்கும் பங்குதாரர்கள் சேர்ந்து பொதுக்கூட்டம் கூட்டச் சொல்லலாம். நீக்கப்பட்ட இருவரையும் தேடிப் பிடியுங்கள், அவர்கள் பங்கும் கணக்கில் சேரும்.

குழுவைவிட்டு நீங்கள் வெளியேற வேண்டாம். அங்கே சண்டையும் போட வேண்டாம். 100 லிட்டர் என்று யார், எந்தத் தேதியில் எழுதினார்கள் என்பதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பணம் கட்டிய ரசீதோடு ஒரே இடத்தில் வையுங்கள். கம்பெனிகளைப் பதிவு செய்யும் சி.ஐ.பி.சி-யிலோ எஃப்.எஸ்.சி.ஏ-யிலோ புகார் கொடுக்க நேர்ந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.