அடைத்த துளையில் சிக்கிய கேபிள்: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: வீட்டைப் புதுப்பித்து வருகிறோம். சுவர்த்துளை வழியாகச் செல்லும் பழைய கேபிளைச் சுற்றி நுரை அடைத்து இறுகியிருப்பதால், எவ்வளவு இழுத்தும் வரவில்லை. நுரையைக் கரைக்கும் திரவம் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பாலியூரித்தேன் நுரை இறுகாமல் ஈரமாக இருக்கும்போதுதான் அசிட்டோன் அதைக் கரைக்கும். இறுகிய பிறகு சுரண்டியோ அறுத்தோதான் எடுக்க வேண்டும். ‘இறுகிய நுரையையும் கரைக்கும்’ என்று புட்டியில் அச்சிட்டிருந்த ஒரு திரவத்தை நம்பி நானும் வாங்கினேன். நுரையின் மேல்தோல் சற்று இளகியது, உள்ளே எதுவும் அசையவில்லை, கேபிளின் பிவிசி உறை மட்டும் பிசுபிசுத்துப் போயிற்று. கடையில் பணத்தைத் திருப்பித் தரவும் இல்லை. சூடு காட்டியும் பார்க்காதீர்கள். நுரை கருகினால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வெளிவரும்.

முதலில் மின் இணைப்பைத் துண்டியுங்கள். இருமுனை டெஸ்டரை மின்சாரம் உள்ள ஓர் இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்து, பிறகு கேபிளைச் சோதித்து, மீண்டும் அதே இடத்தில் டெஸ்டரைச் சரிபாருங்கள். அதன் பின் கேபிளை நேராக இழுக்காமல், இடமும் வலமுமாக முறுக்குங்கள். நுரைக்கும் உறைக்கும் இடையிலான பிடி பெரும்பாலும் அதிலேயே விட்டுப்போகும். விடவில்லையென்றால், மெல்லிய ஹாக்சா பிளேடைக் கேபிளை ஒட்டிச் செருகிச் சுற்றிலும் அறுக்கலாம். அதே துளையில் மின்சாரம் ஓடும் வேறு கேபிள் இருந்தால் பிளேடைத் தொடாதீர்கள், எலெக்ட்ரீஷியனை அழையுங்கள்.

கேள்வி: அப்படியும் வராவிட்டால் சுவருக்குள்ளேயே விட்டுவிடலாமா?

பதில்: விடலாம், இரு முனைகளிலும் இணைப்பைக் கழற்றி, முனைகளை மூடி, பயன்பாட்டில் இல்லை என்று சீட்டு ஒட்டி விடுங்கள்.

கேள்வி: உருவியெடுத்த கேபிள் பார்ப்பதற்குப் புதிது போல இருக்கிறது. அடுத்த அறைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாமா? சோதனை எதுவும் செய்யவில்லை.

பதில்: கூடாது. முறுக்கி, இழுத்து, பிளேடால் உரசிய கேபிளைக் கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு செய்வது எந்த வகையில் சிக்கனம்? சாதாரண வீட்டு வயரிங்கில் 500 வோல்ட் டிசி அழுத்தத்தில் காப்புத்தடை, அதாவது மின்சாரம் கசியாமல் உறை தடுக்கும் திறன், குறைந்தது 1 மெகாஓம் இருக்க வேண்டும் என்பது சர்வதேச அளவுகோல். அதில் தேறினாலும், கீறலால் மெலிந்த உறையை அந்தச் சோதனை காட்டிக்கொடுக்காமல் போகலாம்.

கேள்வி: பழைய கேபிள்களை முழுவதும் அகற்றுவதற்கென்று ஒப்பந்தக்காரர் தனியாகப் பணம் வாங்கினார். அலமாரிக்காகச் சுவரை உடைத்தபோது, அவை வெட்டி உள்ளே தள்ளப்பட்டு மேலே பூசப்பட்டிருந்தது தெரிந்தது. கேட்டால், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் என்கிறார்.

பதில்: உங்கள் கோபம் முற்றிலும் நியாயமானது. எடுக்க முடியாத கேபிளை விட்டுவைப்பது தவறன்று. எடுத்ததாகச் சொல்லிப் பணம் வாங்கியதுதான் மோசடி. மீண்டும் பூசுவதற்கு முன், வெட்டப்பட்ட முனைகளை அருகிலும் தொலைவிலும் படமெடுங்கள். அவற்றில் ஏதேனும் இன்னும் மின்சாரத்தோடு இருக்கிறதா என்பதை வேறொரு எலெக்ட்ரீஷியனைக் கொண்டு சோதித்து, எழுத்தில் வாங்குங்கள். பணத்தைவிட இது அவசரம். பிறகு விலைப்புள்ளியின் நகலோடு, அகற்றும் கூலியைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் எழுதி, பதிலுக்குக் கெடுவும் வையுங்கள். பாக்கித் தொகை இருந்தால், ஒப்பந்தம் எதை அனுமதிக்கிறது என்று பார்த்து நிறுத்தி வையுங்கள்.

கேள்வி: கேபிள்களை எடுத்தாயிற்று. காலித் துளைகளையும், புதுக் கேபிள் செல்லும் துளைகளையும் அடைக்க இளஞ்சிவப்பு நுரை வாங்கிவிட்டேன். அந்த நிறம் தீத்தடுப்பு நுரைதானே?

பதில்: நிறத்தைப் பார்த்து வாங்கும் இந்தப் பழக்கத்தைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் தகும். நிறம் தயாரிப்பாளரின் விருப்பம், அது தீயைத் தடுக்காது. ஒரு டப்பாவில் ‘தீத்தடுப்பு’ என்று எழுதியிருந்தாலும், எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்துக்கு, எவ்வளவு அகலமான இடைவெளியில் அடைத்துச் சோதித்தார்கள் என்பதைப் பொறுத்தே அந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டு. ஐரோப்பியத் தர அளவுகளில், சுவர் இணைப்புகளில் வரும் நீள இடைவெளிக்கான சோதனை இஎன் 1366-4, கேபிளும் குழாயும் ஊடுருவும் துளைக்கான சோதனை இஎன் 1366-3. முதலாவதில் மட்டும் தேறிய நுரையைக் கேபிள் துளையில் அடைத்தால், அதன் சான்றிதழ் அங்கே செல்லாது. தீயில் கேபிளின் உறை உருகி விலகும்போது அங்கே ஓர் இடைவெளி உண்டாகிறது. சூட்டில் உப்பி அந்த இடைவெளியை மூடும் அடைப்புப் பொருள்தான் பக்கத்து அறைக்கும் மேல் தளத்துக்கும் புகையும் தீயும் போகாமல் காக்கும். உங்கள் டப்பாவின் தகவல் தாளில் கேபிள் துளைக்கான சோதனை குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், திறப்பதற்கு முன் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: அகற்றிய செம்புக் கம்பிகளை வேலைக்காரர்களே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேளுங்கள், அடுத்த வேலைக்குப் பழைய கம்பி யாருக்கு என்பதை விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்குங்கள்.