நெட்வொர்க் பாதுகாப்பு மாநாடுகளுக்கு நேரில் போவதால் பயன் உண்டா?

கேள்வி: சென்னையில் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் அட்மினாக இருக்கிறேன். செக்யூரிட்டி மாநாடுகளில் பேசுவதெல்லாம் சில மாதத்தில் யூடியூபில் வந்துவிடுகிறது. சொந்தக் காசையும் லீவையும் செலவழித்து நேரில் போகத்தான் வேண்டுமா?

பதில்:

போங்கள். ஆனால் உரை கேட்பதற்காகப் போக வேண்டாம். நீங்கள் சொல்வது சரி, உரையை வீட்டில் உட்கார்ந்தே கேட்டுக்கொள்ளலாம். ஜெர்மனியில் 1984 முதல் நடக்கும் கேயாஸ் காங்கிரஸ் என்ற ஹேக்கர் மாநாட்டின் உரைகள் அவர்கள் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. அமெரிக்காவில் லாஸ் வேகஸில் நடக்கும் டெஃப்கான், பிளாக் ஹேட் மாநாடுகளின் உரைகளும் வந்துவிடுகின்றன. யூசெனிக்ஸ் என்ற கணினித் துறை அமைப்பின் மாநாட்டுக் கட்டுரைகளை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம்.

நானும் உங்கள் வேலையில் பல வருடம் இருந்தவன்தான். மாநாடு என்ற ஏற்பாடு நம்மைப் போன்றவர்களுக்கு என்ன செய்கிறது என்பது எனக்குப் புரிந்தது 2008-இல். அந்த வருடம் லாஸ் வேகஸுக்கு நான் போகவே இல்லை.

டான் கேமின்ஸ்கி என்ற அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் அந்த வருடம் டிஎன்எஸ்ஸில், அதாவது தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் ஐபி முகவரியைச் சொல்லும் ஏற்பாட்டில், ஒரு பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்தார். நம் டிஎன்எஸ் சர்வர் வெளியே ஒரு கேள்வி அனுப்பினால் அதோடு ஓர் அடையாள எண் போகும். 16 பிட் எண், அதாவது 65,536 வாய்ப்புகள். அதே எண்ணோடு முதலில் வந்து சேரும் பதிலை சர்வர் நம்பிவிடும். பொய்ப் பதில் அனுப்புகிறவனுக்கு எண் பொருந்தாவிட்டால் உண்மையான பதில் கேஷில் (சர்வரின் தற்காலிகச் சேமிப்பில்) ஏறிவிடும், அது காலாவதியாகும்வரை அவன் காத்திருக்க வேண்டும், அதனால் பெரிய ஆபத்து இல்லை என்றுதான் பலரும் நம்பியிருந்தார்கள். காத்திருக்கவே தேவையில்லை என்று கேமின்ஸ்கி காட்டினார். அந்த டொமைனுக்குள் இல்லாத பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்க வைத்தால் ஒவ்வொரு கேள்வியும் ஒரு புதிய வாய்ப்பு. பொய்ப் பதிலோடு "இந்த டொமைனின் சர்வர் இந்த முகவரியில் இருக்கிறது" என்ற தகவலையும் ஒட்டி அனுப்பினால், ஒரே ஒரு முறை எண் பொருந்தினால் போதும், முழு டொமைனும் அவன் கையில். வங்கித் தளமோ மெயிலோ, எதை வேண்டுமானாலும் தன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம்.

இதை அவர் உடனே ஊரறியச் சொல்லவில்லை. மார்ச் மாதம் மைக்ரோசாஃப்ட்டின் ரெட்மண்ட் வளாகத்தில் டிஎன்எஸ் மென்பொருள்காரர்கள் ரகசியமாகக் கூடினார்கள். ஜூலை 8 அன்று பல நிறுவனங்கள் ஒரே நாளில் ஓட்டையை அடைக்கும் பேட்ச் வெளியிட்டன. முழு விவரத்தை ஆகஸ்டில் பிளாக் ஹேட் மேடையில் சொல்வேன் என்று கேமின்ஸ்கி அறிவித்தார். எங்களுக்கு வேலை செய்தது அந்தத் தேதிதான். "இந்தப் பேட்சைப் போட வேண்டும், சர்வரைக் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டும்" என்று மேலதிகாரியிடம் கேட்டால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்பதுதான் வழக்கமான பதில். ஆகஸ்ட் 6-க்குப் பிறகு உலகத்துக்கே செய்முறை தெரிந்துவிடும் என்று சொன்னதும் பேச்சே மாறிப்போனது. ஜூலை 21 அன்றே விவரம் கசிந்துவிட்டது, ஆனால் அதற்குள் நிறைய இடங்களில் பேட்ச் ஏறியிருந்தது.

பேட்ச் செய்தது இதுதான்: கேள்வி கிளம்பும் போர்ட் எண்ணையும் (சர்வரின் எந்த வாசல் வழியாகப் போகிறது என்ற எண்) ஒவ்வொரு முறையும் மாற்றியது. ஊகிக்க வேண்டியது 16 பிட்டிலிருந்து கிட்டத்தட்ட 32 பிட்டாக ஏறியது. ஆனால் நாங்கள் பேட்ச் போட்ட பிறகு டிஎன்எஸ்-ஓஏஆர்சி அமைப்பின் சோதனையை ஓட்டினால் "பூர்" (மோசம்) என்றே வந்தது. சர்வரில் பாக்கெட்டைப் பிடித்துப் பார்த்தால் போர்ட் எண்கள் தாறுமாறாக, சரியாகவே இருந்தன. ஃபயர்வாலுக்கு வெளியே பிடித்துப் பார்த்தால் அவை வரிசையாக ஒன்று ஒன்றாகக் கூடிக்கொண்டு போயின. உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும்போது அந்த ஃபயர்வால் பெட்டி போர்ட்டையும் மாற்றி, பேட்ச் செய்த வேலையை ஒன்றுமில்லாமல் ஆக்கியிருந்தது. அதைத் தேடிப் பார்க்கத் தோன்றியதற்குக் காரணம், அந்த மாநாட்டை ஒட்டி உலகம் முழுக்க அட்மின்கள் தங்கள் சோதனை முடிவுகளைப் பேசிக்கொண்டிருந்ததுதான். கேமின்ஸ்கி 2021-இல் 42 வயதில் இறந்தபோது, முகம் பார்க்காத ஒருவருக்காக நான் உண்மையாகவே வருந்தினேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2005-இல் அதே பிளாக் ஹேட்டில் மைக்கேல் லின் என்பவர் சிஸ்கோ ரவுட்டர் பற்றிப் பேசவிருந்தார். சிஸ்கோவும் அவர் வேலை பார்த்த நிறுவனமும் தடுக்கப் பார்த்தன. அச்சான மாநாட்டுப் புத்தகத்திலிருந்து அவர் பக்கங்கள் கிழித்தெடுக்கப்பட்டன. அவர் வேலையை ராஜினாமா செய்துவிட்டு மேடை ஏறினார். வழக்கு வந்து சமரசத்தில் முடிந்தது. அவர் காட்டிய ஓட்டைக்குப் பேட்ச் முன்பே வந்துவிட்டது என்பதுதான் வேதனை. ரவுட்டரை முடக்கத்தான் முடியும், அதற்குள் புகுந்து கோட் ஓட்ட முடியாது என்ற நம்பிக்கையில் யாரும் அவசரப்பட்டு அப்டேட் செய்யவில்லை. அந்த நம்பிக்கை தப்பு என்று நம்மிடம் சொல்ல ஒருவர் வேலையையே விட வேண்டியிருந்தது.

இனி உங்கள் கேள்வி. நேரில் போனால் மட்டும் கிடைப்பது, உரை முடிந்த பிறகு வரும் பதினைந்து நிமிடம். பேசியவர் மைக்கைக் கழற்றிவிட்டுக் கீழே இறங்குவார், ஐந்தாறு பேர் சூழ்ந்துகொள்வோம். "எங்கள் இடத்தில் இந்த விபிஎன் பெட்டியை மூன்று மாதத்துக்கு மாற்ற முடியாது சார், அதுவரைக்கும் எதை மூடுறது, எந்த லாகைப் பார்க்கிறது?" என்று கேட்கலாம். ஸ்லைடில் போட முடியாததை எல்லாம் அங்கே சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவர் வேறொரு கம்பெனியில் அதே பெட்டியோடு மல்லுக்கட்டுகிறவராக இருப்பார். பிறகு நள்ளிரவில் ஏதாவது உடைந்தால் போன் போட்டுக் கேட்க ஓர் ஆள் கிடைத்துவிடுவார். இது எந்த வீடியோவிலும் வராது. கைவேலைப் பயிற்சி வகுப்புகளும் சிடிஎஃப் என்ற ஹேக்கிங் போட்டிகளும் அப்படித்தான், பார்ப்பதற்கும் செய்வதற்கும் அவ்வளவு வித்தியாசம்.

எந்த மாநாடு என்றால், சொந்தக் காசில் பிளாக் ஹேட் வேண்டாம். நுழைவுக் கட்டணமே இரண்டாயிரம் டாலருக்கு மேல், விமானமும் விசாவும் தனி. டெஃப்கான் மலிவு. 1993-இல் ஜெஃப் மாஸ் தொடங்கியது, இரண்டையும் ஆரம்பித்தவர் அவரே. அங்கே போகிற வாய்ப்பு வந்தால் ஆபீஸ் லேப்டாப்பை எடுத்துப் போகாதீர்கள். மறையாக்கம் இல்லாமல் பாஸ்வேர்ட் அனுப்புகிறவர்களின் விவரத்தைத் திரையில் ஓடவிடுவது அங்கே வழக்கம். சான் பிரான்சிஸ்கோவின் ஆர்எஸ்ஏ மாநாடு பெரும்பாலும் விற்பனைச் சந்தை. கடை கடையாக பேட்ஜை ஸ்கேன் செய்வார்கள், மறுவாரத்திலிருந்து விற்பனை அழைப்புகள் வரும். பொருள் வாங்க முடிவெடுக்கிறவர்களுக்கு அது உதவும், உங்களுக்கு உதவாது.

நம் பக்கத்தில் கோவாவில் 2010-இல் தொடங்கிய நல்கான் இருக்கிறது. கேரளக் காவல்துறையும் சேர்ந்து நடத்தும் கொகோன் இருக்கிறது. அங்கே சைபர் குற்றத்தை விசாரிக்கிற போலீஸ்காரர்களோடு உட்கார்ந்து பேசலாம், அது பெரிய கல்வி. லாக் எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும், அதை எப்படி எடுத்துக் கொடுத்தால் நீதிமன்றத்தில் நிற்கும் என்பதெல்லாம் அவர்கள் சொன்னால்தான் உறைக்கும்.

ஆராய்ச்சி மாநாடுகளில் யூசெனிக்ஸ் செக்யூரிட்டி, ஐஇஇஇ எஸ் அண்ட் பி, ஏசிஎம் சிசிஎஸ், என்டிஎஸ்எஸ் ஆகிய நான்கும்தான் முதல் வரிசை. வைஃபையின் டபிள்யுபிஏ2-வைக் கவிழ்த்த கிராக் தாக்குதலை மேத்தி வான்ஹூஃப் 2017-இல் சிசிஎஸ்ஸில்தான் முன்வைத்தார். இவற்றுக்குப் போக வேண்டியதில்லை, கட்டுரைகளின் சுருக்கத்தையாவது வருடந்தோறும் படியுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், இதைப் படிக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் சேர்த்து. "நெட்வொர்க் பாதுகாப்பு குறித்த சர்வதேச மாநாடு, கட்டுரை அனுப்புங்கள், சான்றிதழ் உறுதி" என்று மெயிலில் வருவதில் பெரும்பாலானவை காசு பிடுங்கும் வேலை. 2005-இல் எம்ஐடி மாணவர்கள் கணினியே அர்த்தமில்லாமல் கோத்த ஒரு கட்டுரையை ஒரு மாநாட்டுக்கு அனுப்பினார்கள், ஏற்றுக்கொண்டார்கள். 2014-இல் ஸ்பிரிங்கரும் ஐஇஇஇயும் இதே மாதிரியான 120-க்கும் மேற்பட்ட குப்பைக் கட்டுரைகளைத் தங்கள் தொகுப்பிலிருந்து நீக்க வேண்டியிருந்தது. நம் ஊரில் பதவி உயர்வுக்கும் பட்டத்துக்கும் கட்டுரை எண்ணிக்கை கேட்பதால் பிள்ளைகள் கடன் வாங்கிக் கட்டணம் கட்டுவதைப் பார்க்கிறேன், வயிறு எரிகிறது. தேர்வுக் குழுவில் இருப்பவர்களின் பெயரைத் தேடிப் பாருங்கள். அவர்கள் இந்தத் துறையில் எதுவும் எழுதியிருக்காவிட்டால் அந்த மெயிலை அழித்துவிடுங்கள்.

சென்னையில் இருக்கிறீர்கள், முதல் அடிக்குக் காசே தேவையில்லை. நல் (null) என்ற பாதுகாப்பு ஆர்வலர்கள் குழு பல ஊர்களில் இலவசக் கூட்டம் நடத்துகிறது, சென்னையிலும் அதற்குக் கிளை உண்டு. ஒன்றிரண்டு கூட்டம் போய் உட்காருங்கள். பிறகு, கம்பெனி பெயரும் முகவரிகளும் வெளியே வராதபடி, நீங்கள் சமீபத்தில் தீர்த்த ஒரு சிக்கலைப் பற்றி இருபது நிமிடம் பேச நேரம் கேளுங்கள். அங்கே பழகியவர்களோடு சேர்ந்து கோவாவுக்கு ரயில் ஏறினால் அறை வாடகையும் பாதியாகும், யாரிடம் போய்ப் பேசுவது என்ற தயக்கமும் இருக்காது.