பித்தளை விளக்கு, சிலைகளைப் படமெடுக்க முதலில் என்ன லைட் வாங்க வேண்டும்?

நாச்சியார்கோவில் குத்துவிளக்கையும் சுவாமிமலைச் சிலைகளையும் ஆன்லைனில் விற்கப் போவதாகவும், கடையில் இரண்டு பெரிய ஸ்டூடியோ லைட் உள்ள செட்டை வாங்கச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். கும்பகோணத்தில் பாத்திரக்கடைகளுக்கும் ஸ்தபதிகளுக்கும் படமெடுத்துக் கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பவரைக் கையால் கூட்டிக் குறைக்கிற சாதாரண ஃபிளாஷ் ஒன்று, தள்ளி வைத்த ஃபிளாஷைக் கேமராவிலிருந்து அடிக்க வைக்கும் ரேடியோ ட்ரிக்கர், ஸ்டாண்ட், வெளிச்சத்தைப் பரப்ப ஃபிளாஷின் முன்னால் மாட்டும் 60×90 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ். போதும். சிலை நகரப் போவதில்லை, ஃபிளாஷ் பவரைத் தானாகவே கணக்கிடும் டிடிஎல் (TTL) வசதிக்குக் கூடுதல் காசு எதற்கு?

மெருகேற்றிய உலோகத்தில் தெரிவது எதிரில் இருப்பதன் பிம்பம்தான். கேமரா மேலேயே ஃபிளாஷை மாட்டி அடித்தால் ஒரு வெள்ளைப் புள்ளி பளீரென்று விழும், மற்ற இடமெல்லாம் கறுத்துப் போகும். பவரைக் கூட்டினாலும் அந்தப் புள்ளிதான் இன்னும் வெளுக்கும். வெளிச்சம் வருகிற பரப்பு பெரிதாக வேண்டும். ஓரடிச் சிலைக்கு சாஃப்ட்பாக்ஸை இரண்டடி தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆறடி தள்ளி வைத்தால் அதே சாஃப்ட்பாக்ஸ் சிலைக்குச் சின்ன விளக்காகிவிடும்.

குத்துவிளக்கின் தண்டு உருண்டை. சாஃப்ட்பாக்ஸை நெட்டுக்குத்தாக நிறுத்தினால் பாதத்திலிருந்து உச்சி அன்னம் வரை ஒரே ஒளிப்பட்டை இறங்கும். எதிர்ப்பக்கம், வெளிச்சத்தைத் திருப்பியடிக்க, ஒரு வெள்ளைத் தெர்மாகோல். விளக்குக்கு இரண்டு பக்கமும், படத்துக்குள் வராதபடி, கறுப்புச் சார்ட் அட்டையை நறுக்கி நிறுத்துங்கள். ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு விழுந்து, வெள்ளைப் பின்னணியிலிருந்து பித்தளை தனியே எழுந்து நிற்கும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். சாஃப்ட்பாக்ஸுக்குப் பதில் நாலு முழ வேட்டியை இழுத்துக் கட்டியும் எடுக்கலாம். நீலம் போடாததாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பித்தளையின் மஞ்சள் மங்கிவிடும்.

ஐஎஸ்ஓ 100, எஃப்/11, ஷட்டர் 1/125 என்று தொடங்குங்கள். 1/250-க்கு மேல் போனால் பல கேமராக்களில் படத்தில் கறுப்புப் பட்டை விழும். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் ஃபிளாஷுக்கு மாற்றிவிடுங்கள்.

பளபளப்பைக் குறைக்கப் பொலரைசர் ஃபில்டர் வாங்கச் சொல்வார்கள். லென்ஸில் அதை மட்டும் மாட்டினால் உலோகத்தின் மினுமினுப்பு அடங்காது. கண்ணாடி, தண்ணீர் போன்றவற்றுக்குத்தான் அது உதவும்.

பின்னால் தஞ்சாவூர் ஓவியங்களும் விற்பதாக இருந்தால் அப்போது இன்னொரு ஃபிளாஷ் வாங்குங்கள். இரண்டையும் இரு பக்கமும் 45 டிகிரியில் சமமாக வைக்க வேண்டும். சட்டமடித்துக் கண்ணாடி போடுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.