கடலுக்குப் போகிறவரின் குளிசை

கேள்வி: ஐயா, நான் மூதூர்ப் பக்கம் சுகாதாரத் தொண்டராக இருக்கிறேன். காசநோய்க்கு மருந்து எடுக்கும் ஒருவர் கடற்றொழிலாளி. விடியுமுன்னே படகில் ஏறிவிடுவதால் குளிசை விழுங்குவதை நேரில் பார்க்க முடிவதில்லை. "வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பட்டுமா, தங்கச்சி?" என்கிறார். சம்மதிக்கலாமா?
- வாசகி, மூதூர்

பதில்: ஆறு மாத மருந்து எடுக்கிற மனுசன் தானாகவே ஒரு வழி தேடுகிறார் என்றால், பிள்ளை, உங்களுக்குப் பாதிப் பாரம் குறைந்தது.

நேரில் பார்ப்பதற்குப் பதில் வீடியோவில் பார்க்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2017இல் சொல்லிவிட்டது. இந்தியாவில் '99டாட்ஸ்' என்று இன்னொரு முறை உண்டு. குளிசையைத் தள்ளி எடுத்தால்தான் உறையில் மறைந்திருக்கும் தொலைபேசி இலக்கம் தெரியும். அதற்குக் காசில்லாமல் அழைத்தால் அன்றைய கணக்கில் பதிவாகும். பட்டன் போன் போதும். ஆனால் குளிசை அட்டையை விட்டு வந்ததுதான் அதில் தெரியும். தொண்டைக்குள் இறங்கியதா என்பது கடவுளுக்கே வெளிச்சம். எனக்கென்றால் வீடியோதான் பிடிக்கும்.

வாட்ஸ்அப்தான் இடிக்கிறது. வீடியோ இரண்டு பேர் போனிலும் கிடக்கும். போனில் விளையாடும் பிள்ளை கண்ணில் ஒன்று பட்டால், மாலைக்குள் தெரு முழுக்கக் கதை. இதற்கென்றே உள்ள செயலிகள் சிலவற்றில் கவரேஜ் இல்லாத இடத்திலும் பதிவுசெய்யலாம். கரைக்கு வந்ததும் அனுப்பும். உங்கள் ஆளுக்கு அதுதான் தோது. எதுவானாலும் அவர் மருந்து எடுக்கும் மார்புநோய் கிளினிக்கில் கேளுங்கள். இரண்டு பேருமாகத் தனியே தொடங்க வேண்டாம்.

அவர்கள் சரி என்றால், குளிசைகளை உள்ளங்கையில் காட்டி, வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து நாக்கையும் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். விடியற்காலை இருட்டில் யாராவது டோர்ச் பிடிக்கத்தான் வேண்டும். வெறும் வயிற்றில் எடுப்பது நல்லது. தேத்தண்ணியும் பணிசும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வீடியோ ஒழுங்காக வருகிறதே என்று வீட்டுப் பக்கம் போகாமல் விட்டுவிடாதீர்கள். சாப்பாடு இறங்குகிறதா, வீட்டில் வேறு யாருக்கும் இருமல் உண்டா என்பதெல்லாம் அந்த ஒரு நிமிடப் படத்தில் வராது. சிறுநீர் செம்மஞ்சளாகப் போனால் பயப்பட வேண்டாம், அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம் என்று முதலிலேயே சொல்லிவையுங்கள். கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ கதை வேறு. அடுத்த வேளைக் குளிசையைப் போடாமல் அன்றைக்கே கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.