பண்ணை எந்திரங்கள்: கேள்வி – பதில்

கேள்வி: களை எடுக்கும் பவர் வீடரை நிறுத்தி வைத்தால் காலையில் கார்புரேட்டருக்கு அடியில் பெட்ரோல் சொட்டிக் கிடக்கிறது. கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: அவசரப்படாதீர்கள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பதுதான் கார்புரேட்டர். டேங்கில் தூசியும் துருவும் அப்படியே கிடந்தால் புதுக் கார்புரேட்டரும் சீக்கிரமே ஒழுகும்.

எங்கிருந்து ஒழுகுகிறது என்று முதலில் பாருங்கள். வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, எஞ்சினை ஓட்டாமல் டேங்கிலிருந்து பெட்ரோலைத் திறந்து மூடும் காக்கை (வால்வை) மட்டும் திறந்து பத்து நிமிடம் கவனியுங்கள். அடிக் கிண்ணத்தின் விளிம்பில் ஈரம் படர்ந்தால், அங்கே கசியாமல் இருக்க வைக்கும் கேஸ்கட் போயிருக்கிறது. கிண்ணத்தின் அடி போல்ட்டில் சொட்டு நின்றால் வாஷர். இரண்டும் சில்லறைச் செலவுதான். ஏர் ஃபில்டர் பக்கமாக வழிந்தால் உள்ளே பெட்ரோல் வழியை மூடும் நீடில் (ஊசி) சரியாக அடைக்கவில்லை என்று அர்த்தம்.

கிண்ணத்தில் பெட்ரோல் ஏற ஏற ஃப்ளோட் (மிதவை) மிதந்து மேலே வரும். நீடிலைத் தள்ளி வழியை அடைக்கும். டேங்க் உயரத்தில் இருப்பதால், அந்த நீடிலுக்கு அடியில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் போதும், டேங்க் காலியாகும் வரை ஒழுகும்.

எஞ்சின் ஆறிய பிறகு காக்கை மூடிவிட்டுக் கிண்ணத்தை இறக்குங்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது. ஃப்ளோட் பின்னை உருவினால் ஃப்ளோட்டும் நீடிலும் சேர்ந்து வரும். நீடிலின் ரப்பர் முனையை நகத்தால் தடவிப் பாருங்கள். வட்டமாகப் பள்ளம் தட்டுப்பட்டால் நீடிலை மாற்றிவிடுங்கள். நீடில் உட்காரும் சீட்டைக் கார்புரேட்டர் கிளீனர் அடித்து, பஞ்சு சுற்றிய குச்சியால் துடைத்தால் போதும். கம்பி விட்டுக் குத்தினால் கீறல் விழும். அப்புறம் எந்த நீடிலும் அடைக்காது. சீட்டே அரித்துப்போயிருந்தால்தான் மெக்கானிக் சொன்னது சரி. ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் குலுங்கினால் அது மிதக்காது, மாற்ற வேண்டியதுதான்.

மாட்டியதும் ஒரு சோதனை. கார்புரேட்டரைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் வரும் குழாயில் சுத்தமான டியூப் மாட்டி வாயால் லேசாக ஊதுங்கள். காற்று போகக்கூடாது. நேராகத் திருப்பினால் போக வேண்டும். கம்ப்ரஸர் காற்றை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

இதையெல்லாம்விட முக்கியம் எஞ்சின் ஆயில். ஒழுகிய பெட்ரோல் வெளியே மட்டும் போவதில்லை, சிலிண்டர் வழியாக ஆயிலிலும் இறங்கும். ஆயில் அளவு காட்டும் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். அளவு கூடியிருந்தாலோ பெட்ரோல் வாடை அடித்தாலோ எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். முழு ஆயிலையும் வடித்துப் புதிதாக ஊற்றுங்கள். 5.5 எச்.பி. எஞ்சின் பலவற்றில் சுமார் 600 மி.லி. பிடிக்கும். நீர்த்த ஆயிலில் ஓட்டினால் பேரிங்கும் பிஸ்டனும் தேயும்.

இனி வேலை முடிந்ததும் காக்கை மூடி, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள், கிண்ணம் காலியாகிவிடும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை உப்ப வைக்கும். மாதக்கணக்கில் கிண்ணத்தில் தேங்கவிட்டால் பிசினும் துருவும்தான் மிஞ்சும்.

கேள்வி: புல் வெட்டும் மெஷினிலும் இப்படியே ஒழுகுகிறது. அதிலும் ஃப்ளோட்தானா?
– வாசகர், கூடலூர்

பதில்: பெரும்பாலும் அதில் ஃப்ளோட் கிடையாது. சாய்த்துப் பிடித்து வேலை செய்ய வேண்டுமே! மெல்லிய ரப்பர் டயஃப்ரம்தான் (சவ்வு) நீடிலை இயக்குகிறது. அது விறைத்துப்போனாலோ, நீடிலைத் தூக்கும் சின்ன லீவர் மேலே வளைந்திருந்தாலோ ஒழுகும். டயஃப்ரம், கேஸ்கட், நீடில் சேர்ந்த கிட் வாங்கி மாட்டுங்கள். பழைய கேஸ்கட் எந்த வரிசையில் இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. அதற்கு முன் பெட்ரோல் டியூபையும் பம்ப் செய்யும் ரப்பர் குமிழையும் அழுத்திப் பாருங்கள். பாதிக் கேஸ் அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி: பழைய டிராக்டரில் டீசல் கசிகிறது. கார்புரேட்டர் ரிப்பேராக இருக்குமா?
– வாசகர், தாராபுரம்

பதில்: டீசல் எஞ்சினுக்குக் கார்புரேட்டரே கிடையாது. ஃபில்டரிலும் பம்ப்பிலும் பைப் சேரும் போல்ட்களின் செப்பு வாஷர்களைப் பாருங்கள். பழைய வாஷர் இறுகிக் கெட்டிப்பட்டிருக்கும், புதிது போடுங்கள். உடனே கிடைக்காவிட்டால், வண்டியை விட்டுத் தள்ளிப் போய், பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இளகும், ஒருமுறை தாங்கும். மாட்டியபின் ஃபில்டரில் சிக்கிய காற்றை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.